பவர் பிரஸ்ஸுக்கு வைத்த பொட்டு

ஓவியக் கண்காட்சி என்றதும் எனக்கு ஓவியம் ஞாபகம் வராது. பஸ்தான் ஞாபகம் வரும். இந்த நகரத்தில் படம் மாட்டுகிற கூடங்கள் எல்லாம் கடற்கரைப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. நான் இருப்பது காட்டுப்பாக்கத்தில். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறப்பு விழா என்று வாட்ஸப்பில் அழைப்பு வரும். பள்ளிக்கூடம் முடிந்து, முகம் கழுவி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினால், மெட்ரோத் தூண்களுக்கு நடுவே மாட்டி, இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, நான் உள்ளே நுழையும்போது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள். "அடடா, இப்பதான் முடிஞ்சுது. காபி இருக்கான்னு வேணா பாருங்க" என்பார்கள். காபியும் இருக்காது. திறப்பு விழா என்று ஒன்றை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது.

நான் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் டிராயிங் மிஸ். அதாவது, பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வார். பரீட்சை முடிந்தால் ஆண்டு விழாவுக்குத் தெர்மோகோலில் எழுத்து வெட்டச் சொல்வார்கள். நான் படம் வரைவது வீட்டில், வாஷிங் மெஷினுக்கும் பால்கனிக் கதவுக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில். வரைந்த படங்கள் கட்டிலுக்குப் பின்னால் போகும். அங்கே இடம் தீர்ந்த பிறகு பீரோவின் மேல் போக ஆரம்பித்தன. சுவரில் மாட்டலாமே என்பீர்கள். வாடகை ஃபிளாட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் காலண்டரே ஒட்டுகிற கொக்கியில்தான் தொங்குகிறது.

என் வீட்டுக்காரர் ஐ.டி.யில் இருக்கிறார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். ஆனால் கட்டிலுக்குப் பின்னால் படங்கள் இருப்பதால்தான் கரப்பான் வருகிறது என்று மனப்பூர்வமாக நம்புகிறார். ஆக, இத்தனை வருஷம் வரைந்தும் என் படம் ஒன்றுகூட இந்த உலகத்தில் எந்தச் சுவரிலும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான். விருது வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு படம், ஒரு சுவர். மாட்டினால் அப்புறம் யாரும் இறக்கக் கூடாது.

பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. எது என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில்தான் விழ வேண்டும். காலையில் அவர்களுடைய பஸ்கள் வரிசைகட்டி நின்றுவிட்டால் நாங்கள் யாரும் வேலைக்குப் போக முடியாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் திடீரென்று ஒரு மியூசியம் கட்டினார்கள். தரம் பார்க்க ஏதோ குழு வரப்போகிறது, மியூசியம் இருந்தால் அதற்குத் தனி மார்க் உண்டு என்று அங்கே வேலை பார்க்கிற ஒருவரே என்னிடம் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தேன். நிறுவனரின் முதல் கார், நிறுவனர் உட்கார்ந்த நாற்காலி, நிறுவனரின் மூக்குக் கண்ணாடி, எங்கிருந்தோ அள்ளிவந்த பித்தளை அண்டாக்கள், ஒரு டைப்ரைட்டர். காரைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. அண்டாக்களைச் சுற்றிக் கயிறு இல்லை, பிள்ளைகள் அவற்றில் பேப்பர் கப்பைப் போட்டிருந்தார்கள்.

தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்திருப்பேன். ஆனால் வாசல் பலகையில் ஒரு அறிவிப்பு. ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு, 'வேலை' என்ற தலைப்பில் இந்த வட்டாரத்து ஓவியர்களின் கண்காட்சி. அதில் ஒரு படத்தைத் தேர்வுக் குழு தேர்ந்தெடுத்து, மியூசியத்தின் நிரந்தரக் கூடத்தில் வைக்கும். நிரந்தரம் என்ற அந்தச் சொல்லை நான் அங்கேயே நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். அதுவும் என் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற இடம்.

என்ன வரைவது என்று யோசிக்கவே இல்லை. நைனா ஓட்டிய பவர் பிரஸ்ஸை வரைந்தேன்.

நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா வரைக்கும் பாரிவாக்கத்தில் யார் யாருடைய வயலிலோ கூலி வேலை. நைனாதான் முதன்முதலில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனவர். நாங்கள் அப்போது குடியிருந்த முத்தாபுதுப்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், தகரத்தை அமுக்கி வெட்டுகிற ஒரு பிரஸ்ஸின் முன்னால் நின்றார். என் பள்ளிக்கூட ஃபீஸ், கல்யாணம், எல்லாம் அந்த மெஷினில் அமுங்கி வந்ததுதான். சில வருஷங்களுக்கு முன் கம்பெனியை மூடிவிட்டார்கள். மெஷின்கள் காயலான் கடைக்குப் போயின. நைனா இப்போது பாரிவாக்கத்திலேயே, முன்னே வயலாக இருந்த இடத்தில் எழும்பிய அபார்ட்மெண்டில், நைட் செக்யூரிட்டி. கம்பெனியைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

அந்த மெஷினை நான் ஆயுத பூஜை அன்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் துடைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பெரிய சக்கரத்தில் நைனா சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார். பொரியும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அது ஓடி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் படத்தில் ஓடவிட்டேன். வாழைக்கன்று இல்லை, பொட்டு இல்லை, ஆள் இல்லை. சக்கரம் சுற்றுகிறது, அவ்வளவுதான். அந்தச் சக்கரம் மட்டும் எனக்குத் திருப்தியே தரவில்லை. படத்தை ஒப்படைக்கிற அன்று காலையில்கூடக் கத்தியால் தடிமனாக வண்ணம் அப்பித் திரும்ப வரைந்தேன். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். ஜாக்கிரதையாகத்தான் தூக்க வேண்டும். அதற்குத்தான் நைனாவைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம், ஒரு லோடு ஆட்டோவில் படத்தை நிற்கவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். நைனா வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. படத்தை ஒரு முறை பார்த்தார், டிரைவரிடம் "மெதுவா போப்பா, பள்ளம் கீது" என்றார். நல்லா இருக்கு, நல்லா இல்லை, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? நானும் வெட்கத்தை விட்டு, "எப்படி இருக்கு நைனா?" என்றே கேட்டேன். "கெட்டியா புடி" என்றார்.

பல்கலைக்கழகம் முழுக்க அன்று பூஜை. பஸ்களுக்குப் பொட்டு, லேப்பில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு, லிஃப்டுக்குப் பொட்டு. மியூசியத்துக்குள்ளும் ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருவர் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். ஏ.சி.க்கு வைத்தார், சுவிட்ச் போர்டுக்கு வைத்தார், தீயணைக்கிற சிவப்பு சிலிண்டருக்கு வைத்தார். நிறுவனரின் காருக்குச் சக்கரத்துக்கொரு எலுமிச்சம்பழம். மாட்டியிருந்த படங்களின் மரச்சட்டத்தில்கூட ஓரமாக ஒரு பொட்டு. சரி, சட்டத்தில்தானே, போகட்டும் என்று விட்டேன்.

என் படத்தை மாட்டி முடித்துத் தள்ளி நின்று பார்க்கிறேன், இரண்டு பேர் ஏணியோடு வந்து அதற்கு முன்னால் ஃபிளெக்ஸ் பேனர் கட்டுகிறார்கள். 'வருக வருக' என்று சிறப்பு விருந்தினரின் படம். அவருடைய மீசை இருக்கிற இடத்தில்தான் என் பிரஸ் இருக்கிறது. "அண்ணா, பின்னாடி படம் இருக்குண்ணா" என்றேன். "தெர்தும்மா, அங்கதான் ஆணி கீது" என்றார் ஏணியில் நின்றவர். ஓவியக் கண்காட்சியில் ஓவியத்தை மறைத்து ஃபிளெக்ஸ் கட்டுகிற அறிவை எங்கே போய்ச் சொல்லி அழுவது? நைனாவைப் படத்துக்குக் காவலாக நிற்கவைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். ஆபீசில் மியூசியம் ஆபீசரிடம் போகச் சொன்னார்கள். மியூசியம் ஆபீசர் என்பவர் பேட்ஜ் மாட்டிய ஒரு இளைஞர், எதைக் கேட்டாலும் கையிலிருக்கும் டேப்லெட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். அவர் ஃபிளெக்ஸ் கமிட்டியிடம் போகச் சொன்னார். ஃபிளெக்ஸுக்கு ஒரு கமிட்டி. நான் போட்ட சத்தத்தில் கடைசியில் பேனரை வாசலுக்கு மாற்றினார்கள். நான் திரும்பி வருவதற்குள் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். நைனா நெற்றியில் பட்டையும் கையில் பொரிப் பொட்டலமுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

விடுமுறை முடிந்த அன்று காலை பதினொரு மணிக்குத் தேர்வுக் குழு வரும், ஓவியர்கள் தங்கள் படத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மெசேஜ் வந்திருந்தது. பள்ளியில் அரைநாள் லீவு கேட்டு, அதற்குத் தலைமையாசிரியையிடம் ஒரு பாட்டு வாங்கிக்கொண்டு, சீக்கிரமே போய்விட்டேன். நைனாவும் வந்தார். நைட் டியூட்டி முடித்து, யூனிபார்மைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, தூங்காத கண்ணோடு நேராக வந்தார். நான் கூப்பிடவில்லை. "லீவு முடிஞ்சிட்ச்சே, இன்னாதான் பண்றாங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்" என்றார்.

கூடத்துக்குள் நுழைந்தேன். என் படத்தைப் பார்த்தேன். சுற்றுகிற சக்கரத்தின் நட்டநடுவில், அரை ரூபாய் அளவுக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

முதலில் எனக்குப் புரியவே இல்லை. கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தேன். காயாத வண்ணத்தில் நன்றாக அழுத்தி வைத்த பொட்டு. விடுமுறை முழுக்கப் பூட்டிய கூடத்துக்குள் உட்கார்ந்து, வண்ணத்தோடு சேர்ந்து இறுகி, சுற்றிலும் சிவப்பாக இறங்கியிருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு சுவர் கிடைக்கிற மாதிரி இருக்கிறது, அதிலும் இப்படியா என்று அழுகையே வந்துவிட்டது.

மியூசியம் ஆபீசர் வந்தார். டேப்லெட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார்.

"மேடம், நீங்க அனுப்பின போட்டோல இந்தச் சிவப்பு இல்லையே."

"நான் வைக்கலைங்க. உங்க ஆளுங்கதான் வச்சிருக்காங்க. பூஜைன்னா கண்ணுல பட்டதுக்கெல்லாம் பொட்டு வச்சிடுவீங்களா?"

"போட்டோல இருக்கிற மாதிரி இருந்தாத்தான் கமிட்டி பாக்கும் மேடம். அதோட இது சமயச் சின்னம் மாதிரி தெரியுது. யாராவது போட்டோ எடுத்துப் போட்டாங்கன்னா தேவையில்லாத பிரச்சனை."

நான் அந்தக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஏ.சி.யில் பொட்டு. சுவிட்ச் போர்டில் பொட்டு. தீயணைக்கிற சிலிண்டரில் பொட்டு, அதற்கு மேலே பூவும்கூட. நிறுவனரின் காரில் நெற்றி நிறைய மூன்று பட்டை. அதில் எல்லாம் வராத பிரச்சனை என் சக்கரத்தில் வந்துவிட்டதாம். "அந்த சிலிண்டர் எந்த மதம் சார்?" என்று கேட்டேன். அவர் அதற்கும் டேப்லெட்டைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்குள்ள எடுத்துடுங்க மேடம். இல்லைன்னா இந்தப் படத்தை லிஸ்ட்ல காட்ட முடியாது. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஹவுஸ்கீப்பிங் அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். நான் பாய்ந்தேன். "ஏங்கா, படத்து மேல பொட்டு வைப்பாங்களா? ஈரமா இருக்குன்னு தெரியலையா உங்களுக்கு?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து படத்தைப் பார்த்தார். "நான் எங்க மிஸ்ஸு வச்சேன்? சட்டத்துல வச்சேன், அதோ கீது பாரு. துணி மேல கை வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? வந்ததுலேந்து நான்தான் இங்க தூசி தட்டிகினு கீறேன்." சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்தம்மாவ ஏன் பாப்பா கத்திகினு கீற?" என்றார் நைனா. "நான்தான் வச்சேன்."

பேனரை மாற்றச் சொல்லி நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து சண்டை போட்டுவிட்டு வருவதற்குள், இங்கே காவலுக்கு நிற்கவைத்த ஆளே என் படத்தில் கைவைத்திருக்கிறார். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "பரவால்ல உடு, அப்பன்தான வச்சாரு" என்று பெருக்கப் போய்விட்டார்.

"ஏன் நைனா? ஏன்?" என்றேன்.

"பேனர அவுத்துட்டாங்கோ. அந்தம்மா தட்டு எட்த்துகினு வந்துச்சு. கையில குங்குமம் கீது. எதுர மெஷின் கீது. வெக்காம இன்னா பண்றது?"

"அது படம் நைனா."

"படம்னு எனக்குத் தெரியாதா? படத்துக்கா வச்சேன்? மெஷினுக்கு வச்சேன்."

சண்டை போடுகிற முகம் இல்லை அது. எனக்கு ஏன் இது விளங்கவில்லை என்கிற முகம். கம்பெனி மூடின பிறகு வந்த ஆயுத பூஜைகளில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். டார்ச் லைட்டுக்கு ஒரு பொட்டு வைப்பார், விசிலுக்கு ஒன்று வைப்பார், சைக்கிளுக்கு ஒன்று. அவ்வளவோடு முடிந்துவிடும். லோடு ஆட்டோவில் என் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், நான் அந்தப் பக்கம் போனதும் அதன் முன்னால் நின்று விரலில் குங்குமம் எடுத்திருக்கிறார். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சந்தோஷம்தான், வேறென்ன? அதே சமயம் எரிச்சலும் போகவில்லை. இந்த ஆளுக்கு ஒரு பாராட்டைக்கூட வாயால் சொல்லத் தெரியாதா?

நான் மியூசியம் ஆபீசரிடம் திரும்பினேன். "இதை நான் எடுக்க மாட்டேன் சார். இது எங்க அப்பா வச்ச பொட்டு. இப்படியே பாக்கறதா இருந்தா பாக்கட்டும். இல்லைன்னா படத்தை எடுத்துட்டுப் போயிடுறேன்." பெரிய மேடையில் பேசுகிற குரலில் சொன்னேன். அவர் பாவம், இதற்கு என்ன பதில் என்று டேப்லெட்டில் தேட ஆரம்பித்தார். கட்டிலுக்குப் பின்னால் இன்னொரு படம் போகப்போகிறது, கரப்பானுக்குக் கொண்டாட்டம் என்று ஒரு பக்கம் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. போகட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"இன்னா பேச்சு பேசுற நீ?" என்றார் நைனா. இப்போது அவருக்குக் கோபம் வந்திருந்தது. "எடுத்துடு அத்த."

"நீதானே நைனா வச்ச?"

"பூஜைக்கு வச்சேன். பூஜை முடிஞ்சிட்ச்சு. லீவு முடிஞ்சி வந்தா மொத வேலை இன்னா? வேஸ்ட் எட்த்து பொட்ட தொடைச்சிட்டு சுச்சு போடணும். பொட்டு வச்சிகினே எவனாச்சும் மெஷின் ஓட்டுவானா?" என்று சொல்லிக்கொண்டே யூனிபார்ம் பைக்குள் கைவிட்டு, மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணி ஒரு பிடி எடுத்தார். அவர் அதைப் படத்தின் மேல் வைப்பதற்குள் நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படித் துடைத்தால் சக்கரமே வந்துவிடும். அதற்காகத்தான் வந்திருக்கிறார். லீவு முடிந்துவிட்டதே என்று துடைக்க வந்திருக்கிறார், நைட் டியூட்டி பார்த்துவிட்டு.

"அழிக்க மனசு வரல நைனா" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கடசி வருசம் கம்பெனில பூஜை நல்லாத்தான் போட்டாங்கோ. பொரி குட்தாங்கோ, லீவு உட்டாங்கோ. திரும்பி வந்து பாத்தா கேட்ல பூட்டு. நாங்க வெளியவே நின்னுகினு இருந்தோம். அப்புறம் ஒரு நாள் லாரில ஏத்தறாங்கோன்னு சொன்னாங்க, போனேன். என் மெஷின கயிறு கட்டி இழுத்துகினு வராங்கோ. நான் வச்ச பொட்டு அப்டியே காஞ்சி கெடக்குது சக்கரத்துல. யாரும் தொடைக்கல." வேஸ்ட் துணியை உள்ளங்கையில் உருட்டினார். "பொட்டு அப்டியே கீதுன்னா கம்பெனி மூடிட்டாங்கன்னு அர்த்தம். எடுத்துடு பாப்பா."

நான் பையைத் திறந்து கத்தியை எடுத்தேன். கொஞ்சம் திருத்தலாமென்று வண்ண டியூபுகளும் கொண்டுவந்திருந்தேன். சந்தனம் உதிர்ந்து வந்தது. குங்குமம் வரவில்லை, அது இறங்கிய ஆழம்வரை வண்ணத்தையே சுரண்ட வேண்டியிருந்தது. நைனா பக்கத்தில் நின்று, நான் கத்தியை நீட்டும்போதெல்லாம் வேஸ்ட்டில் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். சுரண்டிய இடத்தில் கான்வாஸ் துணி தெரிந்தது. அதன் மேல் மறுபடி கறுப்பு, சாம்பல், கொஞ்சம் நீலம். கண் மறைத்துக்கொண்டே இருந்ததால் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு வரைந்தேன். நடுவில் ஒரு வகுப்புப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினார்கள். கண்காட்சிக்கு வந்ததற்கு அவர்களுக்குப் பாயிண்ட் உண்டாம். வாசலில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். கோடை ஆளாளுக்கு ஸ்கேன் செய்துவிட்டு, ஒரு படத்தையும் பார்க்காமல், வந்த வழியே போய்விட்டார்கள். அவர்கள்மேல் எரிச்சல்படக்கூட எனக்கு நேரமில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். என் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் போன் வந்தது. இப்போது நிறுவனரின் காருக்கு எதிர்ச் சுவரில், ஆணி அடித்து, தொங்குகிறது. காருக்கு இருக்கிற கயிறு அதற்குக் கிடையாது. பெயர்ப் பலகையில் என் இனிஷியலைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், மாற்றச் சொல்லி ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்கிறேன், பலகைக்கும் ஒரு கமிட்டி இருக்கிறதாம்.

அன்று பதினொரு மணிக்கு வர வேண்டிய தேர்வுக் குழு, சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்தி முடித்து, மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. அதன் தலைவர் நகரத்திலிருந்து வந்த வயதான ஓவியர், நிதானமானவர். என் படத்தின் முன்னால் வந்து நின்றார். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். குனிந்து சக்கரத்தின் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார்.

"இந்த இடம் மட்டும் ரொம்ப ஈரமா இருக்கே. இப்பதான் பண்ணீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து நைனா பதில் சொன்னார்.

"ஆமா சார். லீவு முடிஞ்சி இப்பதான் ஓட்றோம்."